இடைக்கால ஆங்கிலக் கதைப்பாடல்களில் முஸ்லிம்கள் சிலை கும்பிடுகிறார்களே, ஏன்?

ஏட்டுப்பூச்சி:

எல்லாருக்கும் வணக்கம். முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் இடைக்கால ரொமான்ஸ் பாடல்கள் பாடம். (ரொமான்ஸ் என்றதும் காதல் கதை என்று நினைக்க வேண்டாம், வீரன், பயணம், போர், அற்புதம், நடுவே கொஞ்சம் காதல் என்று எல்லாம் கலந்த நெடும்பாட்டு.) அதில் 'தி கிங் ஆஃப் டார்ஸ்' படித்ததிலிருந்து மண்டையைக் குடைகிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டமாஸ்கஸ் சுல்தான், டார்ஸ் நாட்டுக் கிறிஸ்தவ அரசனின் மகளைப் பெண் கேட்கிறான். அவர்கள் மறுக்க, போர் மூண்டு ஆயிரக்கணக்கில் சாகிறார்கள். தன் பொருட்டு இத்தனை உயிர் போக வேண்டாம் என்று அந்தப் பெண்ணே கிளம்பிப் போய் அவனைக் கட்டிக்கொள்கிறாள். வெளியே அவன் மதத்தை ஏற்றதுபோல் காட்டிக்கொண்டு உள்ளுக்குள் கிறிஸ்தவளாகவே இருக்கிறாள். பிறக்கிற குழந்தைக்குக் கை கால் கிடையாது, கண் மூக்கு கிடையாது, வெறும் சதைப் பிண்டம். நீ என் தெய்வங்களை மனதார நம்பவில்லை, அதனால்தான் இப்படி என்கிறான் சுல்தான். சரி, அந்தத் தெய்வங்களிடமே கேட்டுப் பார் என்கிறாள். பிண்டத்தைக் கொண்டுபோய்ச் சிலைகளுக்கு முன் வைத்து மன்றாடுகிறான், ஒன்றும் நடக்கவில்லை, ஆத்திரத்தில் தடியை எடுத்துச் சிலைகளை விளாசுகிறான். அப்புறம் சிறையில் கிடந்த ஒரு பாதிரியாரை வரவழைத்து அவள் ஞானஸ்நானம் கொடுக்க வைக்கிறாள். தண்ணீர் பட்டதும் பிண்டம் அழகான ஆண் குழந்தையாகி அழுகிறது. சுல்தானும் ஞானஸ்நானம் வாங்குகிறான், அவனுடைய கறுத்த தோல் வெள்ளை வெளேரென்று ஆகிவிடுகிறது.

உருவ வழிபாட்டை அடியோடு மறுக்கிற மதம் இஸ்லாம். அந்த மதத்துக்காரர்களைப் போய்ச் சிலை கும்பிடுகிறவர்களாக எப்படி எழுதினார்கள்? தெரியாமலா, தெரிந்தேவா? அப்புறம் அந்தத் தோல் வெளுக்கிற விஷயம், அதை நிறவெறி என்றே சொல்லலாமா, இல்லை அந்தக் காலத்துக்கு அந்தச் சொல் பொருந்தாதா? வகுப்பில் 'அந்தக் காலத்து அறியாமை' என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை.

ஆறாம்திணை:

போதாதுதான். அறியாமை என்பது பாதி உண்மை, அதுவும் சௌகரியமான பாதி.

கொஞ்சம் காலத்தைப் பாருங்கள். குர்ஆன் முழுவதும் லத்தீனில் பெயர்க்கப்பட்டது 1143இல். பெயர்த்தவர் ராபர்ட் ஆஃப் கெட்டன் என்கிற இங்கிலாந்துக்காரர், செய்யச் சொன்னவர் க்ளூனி மடத்தின் தலைவர் பீட்டர். அதற்கும் முன்னால் பாத் ஊர்க்காரர் அடலார்டு அரபியிலிருந்து வானியல் அட்டவணைகளை லத்தீனுக்குக் கொண்டுவந்துவிட்டார். மால்ம்ஸ்பரி மடத்து வில்லியம் என்கிற வரலாற்றாசிரியர் 12ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே தெளிவாக எழுதுகிறார்: சாரசன்களும் (முஸ்லிம்களுக்கு அந்தக் கால ஐரோப்பியர் வைத்த பெயர்) துருக்கியரும் உலகைப் படைத்த கடவுளைத்தான் வணங்குகிறார்கள், முகமதுவைக் கடவுளாகக் கருதவில்லை, இறைத்தூதராகக் கருதுகிறார்கள் என்று. நீங்கள் படித்த டார்ஸ் கதை இருக்கிற ஆகின்லெக் சுவடி, பல கதைப்பாடல்களைத் தொகுத்த கையெழுத்துப் பிரதி, 1330களில் எழுதப்பட்டது. ஆக, வில்லியம் எழுதி ஏறத்தாழ இருநூறு வருடம் கழித்தும் கதைப்பாட்டில் சுல்தான் சிலை முன் குப்புற விழுகிறான்.

லத்தீன் படித்த துறவிக்குத் தெரிந்தது எல்லாம் பாட்டுக் கட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, அது சரி. ஆனால் தெரிந்தாலும் அவனுக்கு அது எதற்கு? அவன் முன்னால் இருந்தது பிரெஞ்சுக் கதைமரபு. சுமார் 1100ஐ ஒட்டி வந்த 'ரோலாண்டின் பாட்டு' அச்சை வார்த்துக் கொடுத்துவிட்டது: சாரசன்களுக்கு மூன்று தெய்வங்கள், மஹூம், அப்போலின், டெர்வகன். அந்த மூன்று என்கிற எண்ணைக் கவனியுங்கள். திரித்துவத்தை, அதாவது தந்தை, மகன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற கிறிஸ்தவக் கொள்கையை, எடுத்து அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து எதிரிக்குக் கொடுத்திருக்கிறார்கள். எதிரியின் மதம் என்ன என்று யாரும் போய் விசாரிக்கவில்லை, தங்கள் மதத்தின் கெட்ட நகல் ஒன்றைத் தாங்களே செய்துகொண்டார்கள். கோயில், பூசாரி, பலிபீடம், தூபம் எல்லாமே தேவாலயத்திலிருந்து பெயர்த்தெடுத்தவைதான்.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது. தோற்ற சுல்தான் சிலையை அடிக்கிற காட்சி இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும், கேட்பவர்கள் சிரிக்க வேண்டிய இடம் அது. ஆனால் 'தி சீஜ் ஆஃப் மிலன்' கதையில் பேராயர் டர்ப்பின் என்ன செய்கிறார் தெரியுமா? கிறிஸ்தவப் படை அழிந்த செய்தி கேட்டதும் தொப்பியையும் கோலையும் வீசியெறிந்துவிட்டு மாதாவையே ஏச ஆரம்பிக்கிறார், நீ பிறக்காமலே இருந்திருந்தால் எங்கள் ஆட்கள் செத்திருக்க மாட்டார்கள் என்கிற அளவுக்கு. நிஜத்திலும், கொஞ்சம் முந்தைய காலத்தில், மடத்துக்கு அநியாயம் நடந்தால் புனிதர்களின் எலும்புப் பேழைகளைத் தரையில் இறக்கிவைத்து, அவர்களைச் சங்கடப்படுத்திக் காரியம் சாதிக்கிற சடங்கு ஐரோப்பிய மடங்களில் இருந்தது. வேண்டுதல் பலிக்காவிட்டால் தெய்வத்திடம் சண்டைக்குப் போகிற பழக்கம் யாருடையது என்று இப்போது சொல்லுங்கள்!

கரிசல்காடு:

ஆறாம்திணை சொல்கிற தகவல் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் ஒவ்வொரு அடிக்கும் இறையியல் விளக்கம் கொடுத்துக்கொண்டு போனால், இவை சாயங்காலம் உட்கார்ந்து கேட்கிற கதைகள் என்பதே மறந்துபோகும்.

இந்தப் பாடல்களில் 'சாரசன்' என்பது முஸ்லிம் மட்டும் இல்லை. 'கிங் ஹார்ன்' 13ஆம் நூற்றாண்டுக் கதை; அதில் கப்பலில் வந்து இறங்கி ஹார்னின் அப்பாவைக் கொல்கிறவர்கள் சாரசன்கள். நடத்தையைப் பார்த்தால் சுத்தமான வைக்கிங் கொள்ளைக்காரர்கள். ஆர்தர்–மெர்லின் கதையிலோ பிரிட்டன் மேல் படையெடுக்கிற சாக்ஸன்களையே சாரசன் என்கிறார்கள், அதாவது கதை கேட்கிற ஆங்கிலேயரின் சொந்த முப்பாட்டன்களை! கிறிஸ்தவன் அல்லாத எதிரி யாராக இருந்தாலும் இந்தச் சட்டையை மாட்டிவிட்டார்கள். கூத்தில் அசுரன் வேஷம் மாதிரி, உள்ளே யார் என்பது அன்றைய கதையைப் பொறுத்தது.

அப்புறம் இவற்றில் நகைச்சுவை நிறைய, அதை யாரும் பேசுவதில்லை. 'ரோலாண்ட் அண்ட் வெர்னகு' என்று ஒன்று, அதே ஆகின்லெக் சுவடியில் இருக்கிறது. வெர்னகு ஒரு சாரசன் ராட்சதன். சண்டையின் நடுவே களைத்துப்போய்த் தூங்க அனுமதி கேட்கிறான். அவனோடு மோதுகிற கிறிஸ்தவ வீரன் ரோலாண்ட் சரி என்கிறான். அவன் விடுகிற குறட்டை தாங்காமல் ரோலாண்டே ஒரு கல்லைக் கொண்டுவந்து தலைக்கடியில் வைக்கிறான். எழுந்ததும் அவனுக்கு ஒரே நெகிழ்ச்சி, யாரப்பா இந்த நல்ல காரியம் செய்தது என்று கேட்டு ரோலாண்டோடு உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறான்: மூன்று பேர் எப்படி ஒரே கடவுள்? கன்னி எப்படிப் பிள்ளை பெற்றாள்? சாதாரண ஆங்கிலேயன் ஞாயிற்றுக்கிழமை மனதுக்குள் வைத்துக்கொண்டு வெளியே கேட்கப் பயந்த கேள்விகள் எல்லாவற்றையும் இந்த ராட்சதன் கேட்கிறான், ரோலாண்ட் வீணையைக் காட்டி உவமை எல்லாம் சொல்லி விளக்குகிறான். எல்லாம் புரிந்தது என்கிறான் வெர்னகு. புரிந்துவிட்டது, சரி வா, எவன் மதம் பெரிது என்று சண்டை போட்டுப் பார்ப்போம்! அப்புறம் செத்துப்போகிறான்.

'பீவிஸ் ஆஃப் ஹாம்ப்டன்' படியுங்கள். அஸ்கபார்ட் என்கிற ராட்சதனுக்குக் கொலோன் நகரத்தில் ஞானஸ்நானம் கொடுக்கப் பெரிய தொட்டி செய்து வைக்கிறார்கள். அவன் தண்ணீரைப் பார்த்ததும் பதறி வெளியே குதித்து, யோவ் பாதிரி, என்னை முக்கிக் கொல்லப் பார்க்கிறாயா, நான் கிறிஸ்தவன் ஆகிற சைஸ் இல்லை என்று கத்துகிறான். இதை வெறுப்பு இலக்கியம் என்று ஒரே பெட்டியில் போட்டு மூட முடியுமா?

நூர்_வாசிக்கிறேன்:

கரிசல் அண்ணே, உங்கள் பதிவைச் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். ஆனால் சிரிப்பு வேறு, வெறுப்பு வேறு என்று நீங்கள் பிரித்த மாதிரி அந்தப் பாட்டுக்காரர்கள் பிரிக்கவில்லை. 'ரிச்சர்ட் கோர் டி லயன்' படித்திருப்பீர்கள்தானே? அதிலும் நகைச்சுவைதான். என்ன நகைச்சுவை என்று சொல்லிவிடுகிறேன், ஏட்டுப்பூச்சி இன்னும் படிக்காமல் இருக்கலாம்.

சிலுவைப்போரில், பாலஸ்தீனக் கடற்கரை நகரமான ஆக்கரை முற்றுகையிடும்போது இங்கிலாந்து மன்னன் ரிச்சர்ட் காய்ச்சலில் கிடக்கிறான். பன்றிக்கறி வேண்டும் என்கிறான், அந்தச் சீமையில் பன்றி ஏது? வயதான வீரர் ஒருவர் சமையல்காரனைத் தனியே கூப்பிட்டு, கொழுத்த இளம் சாரசன் ஒருவனைக் கொன்று, தோலுரித்து, மசாலாவும் நல்ல நிறத்துக்குக் குங்குமப்பூவும் போட்டு வேகவை என்கிறார். மன்னன் ருசித்துச் சாப்பிடுகிறான், வியர்த்துக் கொட்டுகிறது, காய்ச்சல் விடுகிறது. சண்டைக்குப் போய்விட்டு வந்து அந்தப் பன்றியின் தலையைக் கொண்டுவா என்கிறான். சமையல்காரன் நடுங்கிக்கொண்டு மனிதத் தலையைக் கொண்டுவந்து வைக்கிறான். ரிச்சர்ட் அதிரவில்லை, வாந்தி எடுக்கவில்லை. விழுந்து விழுந்து சிரிக்கிறான். சாரசன் கறி இவ்வளவு நன்றாக இருக்குமா, இனி நமக்குப் பஞ்சமே இல்லை என்கிறான். அதோடும் விடவில்லை. எதிர்ப்பக்கத்துச் சுல்தான் சலாஹுத்தீனிடமிருந்து தூதர்கள் வரும்போது கைதிகளின் தலைகளை மழித்து, வேகவைத்து, நெற்றியில் ஆளாளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி, சுடச்சுட விருந்தில் பரிமாறுகிறான். செத்தவர்கள் அந்தத் தூதர்களின் உறவுக்காரர்கள். அவர்கள் வெலவெலத்து உட்கார்ந்திருக்க, ரிச்சர்ட் தன் தட்டில் உள்ளதைக் கத்தியால் அறுத்து நிதானமாகச் சாப்பிடுகிறான்.

நிஜமான ரிச்சர்ட் 1191 ஆகஸ்டில் ஆக்கரில் ஏறத்தாழ 2,700 கைதிகளை வெட்டிக் கொன்றான், அது பதிவான வரலாறு. நரமாமிசமும் முழுக்கக் கற்பனை இல்லை. 1098இல் முதல் சிலுவைப்போரின்போது சிரியாவின் மஅர்ராவில் பசி தாங்காமல் சிலுவைப்போர் வீரர்கள் பிணங்களைத் தின்றார்கள் என்று எழுதிவைத்தது அவர்கள் பக்கத்து வரலாற்றாசிரியர்களே. அவர்கள் அதை நடுங்கிக்கொண்டு எழுதினார்கள். கதைப்பாட்டில் அதே விஷயம் ஆங்கிலேய மன்னனின் வீரச்சிரிப்பாகிவிட்டது. நமக்குக் கலிங்கத்துப்பரணி தெரியும், அதிலும் களத்துப் பிணங்களில் கூழ் அடுகிறார்கள். ஆனால் அங்கே கூழ் குடிப்பது பேய்கள், குலோத்துங்கன் இல்லை. அந்த எல்லைக்கோட்டை ரிச்சர்ட் கதை அழிக்கிறது, அழித்துவிட்டுக் கைதட்டும் கேட்கிறது.

ஏன் என்றால், அந்தக் கதையின் முன்னுரையே சொல்கிறது: படிக்காத ஜனத்துக்குப் பிரெஞ்சு தெரியாது, நூறு பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம், அதனால் ஆங்கிலத்தில் பாடுகிறேன். வாழ்நாள் முழுக்கப் பிரெஞ்சு பேசி, பத்து வருட ஆட்சியில் ஏறத்தாழ ஆறு மாதம் மட்டும் இங்கிலாந்தில் தங்கிய ஒரு ராஜாவை எடுத்து, இவன்தான் அசல் ஆங்கிலேயன் என்று நிறுத்துகிறார்கள். நாம் யார் என்று சொல்லிக்கொள்ள எதிரில் ஒருவன் தேவை. 1291இல் ஆக்கர் கையைவிட்டுப் போனதோடு சிலுவைப்போர் அரசுகள் முடிந்துவிட்டன, இந்தச் சுவடிகள் எழுதப்பட்ட லண்டனில் முஸ்லிம் குடியிருப்பு என்று ஒன்று கிடையாது, யூதர்களைக்கூட 1290லேயே நாட்டைவிட்டுத் துரத்தியாகிவிட்டது. எதிரில் யாருமே இல்லாதபோது எதிரியை என்ன வேண்டுமானாலும் செய்யலாம், தின்னவும் செய்யலாம்.

தாழைமடல்:

நிறம் பற்றிய கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள்.

'கிங் ஆஃப் டார்ஸ்' கதையில் நிறம் வெறும் வர்ணனை இல்லை, அது நிரூபணம். சுல்தான் உண்மையாகவே மனம் மாறினானா என்று அவள் எப்படி நம்புவாள்? அவளே மாறியதாக நடித்தவள் ஆயிற்றே, வாய்வார்த்தை எவ்வளவு பொய்யாக இருக்கலாம் என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்! அதனால் உடம்பே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. தோல் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு நிம்மதி. இன்னொன்றும் பாருங்கள், சுல்தானுக்கு அதுவரை கதையில் பெயரே கிடையாது. ஞானஸ்நானத்தில்தான் பாதிரியாரின் பெயரையே, கிளியோபஸ் என்று, அவனுக்கு வைக்கிறார்கள். நிறமும் பெயரும் ஒரே தொட்டியிலிருந்து வருகின்றன. நிறவெறி என்ற சொல் வேண்டுமா வேண்டாமா என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் வெள்ளைத் தோல் ஒரு பரிசாகவும் கறுப்புத் தோல் தண்ணீரில் கழுவிப் போகிற அழுக்காகவும் எழுதப்பட்டிருக்கிறது, அதைப் படித்துவிட்டு 'அது வேறு காலம்' என்று நகர என்னால் முடியாது. அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், கூடவே எந்த அர்த்தத்தில் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

அதே சமயம் எல்லாச் சாரசன்களும் கறுப்பு இல்லை. முக்கியமாகப் பெண்கள். பீவிஸ் கதை நாயகி ஜோசியன் சாரசன் அரசன் மகள், ஆனால் வர்ணனையில் பனிபோல் வெள்ளை. 'தி சௌடன் ஆஃப் பாபிலோன்' கதையின் ஃபுளோரிபாஸும் அப்படியே. கடைசியில் கிறிஸ்தவ வீரனைக் கட்டிக்கொண்டு மதம் மாறப்போகிறவள் முதல் பக்கத்திலிருந்தே வெள்ளைதான், மாறாத ராட்சதன் கடைசிவரை கறுப்புதான். இப்படி நிறத்தைப் பார்த்தே யார் பிழைப்பார் யார் சாவார் என்று சொல்லிவிடலாம்.

ஆனாலும் இந்தப் பெண்கள் எனக்கு ஒரு பக்கம் பெரிய சந்தோஷம். ஃபுளோரிபாஸ், சிறையில் கிடக்கிற, கிறிஸ்தவப் பேரரசன் சார்லமேனின் வீரர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்கிறாள். தடுத்த செவிலியை ஜன்னல் வழியாகக் கடலில் தள்ளுகிறாள், மறுத்த சிறைக்காவலனின் மண்டையை உடைக்கிறாள், பிறகு அப்பாவிடமே போய்ச் சமாளிக்கிறாள். கதைசொல்லி அவளை ஒரு வார்த்தை திட்டுவதில்லை! ஜோசியன், தன்னை வலுக்கட்டாயமாகக் கட்டிக்கொண்ட ஒரு கிறிஸ்தவப் பிரபுவை முதலிரவிலேயே கழுத்தை இறுக்கிக் கொன்றுவிடுகிறாள். கிறிஸ்தவ நாயகி இதில் கால்வாசி செய்ய முடியாது, அவள் பொறுமையாக அழ வேண்டும். சாரசன் பெண்ணாக இருப்பதால் அவளுக்கு இந்தச் சுதந்திரம். எந்தப் பக்கத்துக்காகச் செய்கிறாள் என்பதுதான் கணக்கு. அதே வேலையைத் தன் மதத்துக்காகச் செய்தால்? கவிஞர் சாசரின் நூலில் 'மேன் ஆஃப் லா' என்கிற வழக்கறிஞர் சொல்கிற கதையில் சிரியா சுல்தானின் தாய் இருக்கிறாள். மகன் கிறிஸ்தவன் ஆகப்போகிறான் என்று தெரிந்ததும் குர்ஆனின் சட்டத்தை விடமாட்டேன் என்று சொல்லி, விருந்து வைத்து, மகனையும் மதம் மாறியவர்களையும் வெட்டிச் சாய்க்கிறாள். அவளைச் சாசரின் கதைசொல்லி தேள், பாம்பு, தீமையின் வேர் என்று வாய் வலிக்கத் திட்டுகிறான். ஃபுளோரிபாஸும் அப்பாவுக்குத் துரோகம் செய்தவள்தானே?

ஏட்டுப்பூச்சி:

அடேயப்பா, கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. தாழைமடல் அக்கா, பெயர் விஷயத்தை நான் கவனிக்கவே இல்லை, திரும்பப் போய்ப் பார்த்தேன், அந்தப் பெண்ணுக்கும் கதை முழுக்கப் பெயர் இல்லை!

இன்னும் ஒன்றே ஒன்று. மதம் மாறாமலே மரியாதையாக நடத்தப்படுகிற சாரசன் யாராவது இருக்கிறாரா? இல்லை மாறு, இல்லாவிட்டால் சாவு, இந்த இரண்டுதானா?

கரிசல்காடு:

இருக்கிறார்கள். 'கை ஆஃப் வாரிக்' கதையில் ட்ரயமோர் என்று ஒரு சாரசன் அரசன். அவனுக்காக ஒரு ராட்சதனோடு ஒண்டிக்கு ஒண்டி சண்டை போடுகிறவன் நம்ம கிறிஸ்தவ நாயகன் கை. சிறையில் இருக்கிற கிறிஸ்தவர்களை விடுவிப்பேன் என்று ட்ரயமோர் வாக்குக் கொடுக்கிறான், கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்கிறான். எதிரே நிற்கிற அமொரான்ட் மட்டும் அச்சில் வார்த்த கறுப்பு ராட்சதன். வெயிலில் நா வறண்டு, தண்ணீர் குடிக்க விடு, பதிலுக்கு உனக்கும் விடுகிறேன் என்று கெஞ்சுகிறான். நாயகன் குடிக்க விடுகிறான். அடுத்து நாயகனுக்குத் தாகம் எடுத்தபோது அமொரான்ட் மாட்டேன் என்கிறான். ஒரே சண்டையில் சொன்ன சொல் காக்கிற சாரசனும் உண்டு, காக்காதவனும் உண்டு.

பீவிஸ் கதையில் ஒரு இடம், யாரும் அவ்வளவாக மேற்கோள் காட்டாதது. ஏழு வயதில் சாரசன் நாட்டுக்கு விற்கப்பட்டவன் பீவிஸ். வளர்ந்தபின் ஒருநாள் சாரசன் வீரர்களோடு குதிரையில் போகிறான். அதில் ஒருவன் கேட்கிறான், இன்று என்ன நாள் தெரியுமா? பீவிஸுக்குத் தெரியாது. இன்று உன் கடவுள் பிறந்த நாள் அப்பா, உன் ஊரில் எல்லாரும் கொண்டாடுவார்களே என்று அந்தச் சாரசன்தான் கிறிஸ்துமஸை ஞாபகப்படுத்துகிறான். அடுத்த பக்கத்தில் பீவிஸ் அத்தனை பேரையும் வெட்டிப்போடுகிறான் என்பது வேறு விஷயம்.

நூர்_வாசிக்கிறேன்:

அது ஒன்றும் வேறு விஷயம் இல்லை அண்ணே :)

ஏட்டுப்பூச்சி, 'ஃபுளோரிஸ் அண்ட் பிளான்ஷ்ஃப்ளோர்' படியுங்கள், 1250ஐ ஒட்டிய கதை, சின்னது. நாயகன் ஃபுளோரிஸ் ஸ்பெயின் நாட்டுச் சாரசன் இளவரசன், நாயகி கிறிஸ்தவ அடிமைப் பெண்ணின் மகள், இரண்டு பேரும் ஒன்றாக வளர்ந்தவர்கள். அவளை விற்றுவிடுகிறார்கள், அவள் பாபிலோன் அமீரின் கோபுரத்தில் அடைபடுகிறாள், இவன் பூக்கூடைக்குள் ஒளிந்து உள்ளே போகிறான். (அந்தக் காலத்துக் கதைகளில் பாபிலோன் என்றால் பெரும்பாலும் கெய்ரோ, ஈராக் என்று குழப்பிக்கொள்ளாதீர்கள்.) பிடிபட்டதும் நான் சாகிறேன் நான் சாகிறேன் என்று இருவரும் ஒருவருக்கொருவர் முந்துகிறார்கள், அமீர் மனமிளகி மன்னிக்கிறான். யாரும் யாரையும் வெட்டவில்லை. கடைசியில் ஃபுளோரிஸ் கிறிஸ்தவன் ஆகத்தான் செய்கிறான், ஆனால் அமீர் அமீராகவே இருக்கிறான், நல்லவனாகவும் இருக்கிறான்.

'கிங் ஆஃப் டார்ஸ்' பற்றி எழுதும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நல்ல கொக்கி. அந்தக் கதைக்குப் பின்னால் 1299இல் மங்கோலிய மன்னன் கஸான் சிரியாவில் மம்லூக்குகளை (எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட முஸ்லிம் அரசர்கள்) தோற்கடித்த செய்தி இருக்கிறது. ஐரோப்பா முழுக்க ஒரே கொண்டாட்டம், கஸான் கிறிஸ்தவன் ஆகிவிட்டான், ஜெருசலேம் திரும்பக் கிடைக்கப்போகிறது என்று வதந்தி பறந்தது. உருவமில்லாத குழந்தை ஞானஸ்நானத்தில் சரியாகிற கதையும் அந்தச் சுற்றில்தான் வரலாற்று ஏடுகளில் ஏறியது. நிஜத்தில் கஸான் 1295லேயே இஸ்லாத்தைத் தழுவியாயிற்று.

ஆறாம்திணை:

மாறவும் மறுத்து, கதையின் மரியாதையையும் பாதி வாங்கிக்கொள்கிற ஒருவனை நான் சொல்கிறேன். ஃபெரும்ப்ராஸ் கதைகளில் வருகிற சுல்தான், ஃபுளோரிபாஸின் அப்பா. தோற்றுப் பிடிபட்டவனை ஞானஸ்நானத் தொட்டிக்கு முன் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மகனும் மகளும் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். 'சர் ஃபெரும்ப்ராஸ்' கதையில் அவன் பிஷப்பை அடித்து, தொட்டியிலேயே காறித் துப்புகிறான். மகன் கெஞ்சுகிறான், சரியென்று சொல்லிவிடுங்கள் அப்பா என்று. மகளோ என்ன யோசனை, கொன்றுவிடுங்கள் என்கிறாள். தலை போகிறது. கதைசொல்லி கிழவனை நரகத்துக்குத்தான் அனுப்புகிறான், ஆனால் அந்தக் காட்சியில் மகளின் அவசரத்தை விடக் கிழவனின் பிடிவாதம்தான் நிமிர்ந்து நிற்கிறது. எழுதியவன் அதைத் திட்டமிட்டானா என்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, வரிகள் அப்படி விழுந்திருக்கின்றன.

மாலரி என்கிற எழுத்தாளரின் ஆர்தர் கதையில் வருகிற சாரசன் வீரன் பாலமிடிஸ் வேறு ரகம். மனதளவில் கிறிஸ்தவன், ஆனால் இத்தனை சண்டை முடித்த பிறகுதான் ஞானஸ்நானம் என்று ஒரு சபதம் எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறான். இசோல்டை ஒருதலையாகக் காதலிக்கிறான், யாருக்கும் பிடிபடாத ஒரு விலங்கைத் துரத்திக்கொண்டு காடு காடாக அலைகிறான். 1485இல் காக்ஸ்டன் அச்சிட்ட புத்தகம் அது. அதற்குள் சாரசன், அரக்கன் என்பதிலிருந்து பொறாமையும் வெட்கமும் உள்ள சாதாரண மனிதன் என்கிற இடத்துக்கு வந்துவிட்டான்.

கட்டுரைக்கு: எல்லாக் கதையையும் இழுத்துப் போடாதீர்கள், டார்ஸையும் ஃபுளோரிஸையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டுமே ஆகின்லெக் சுவடியில் இருக்கின்றன. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அதை முழுக்கப் படம்பிடித்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, எழுத்துப் பெயர்ப்பும் உண்டு. அந்தச் சுவடியின் படங்களில் பெரும்பாலானவற்றை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள், தப்பித்த சிலவற்றில் டார்ஸ் கதைக்கான படமும் ஒன்று. ஒரு பாதியில் சிலைக்கு முன் மண்டியிடுகிறார்கள், மறுபாதியில் சிலுவைக்கு முன். மண்டியிடுகிற தோரணை இரண்டிலும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள், உங்கள் முதல் கேள்விக்கு அதையே சான்றாக வைக்கலாம்.